ஏழு கூட்டி, எட்டு கழித்து

12.06.2025, வியாழன். இன்று ஒரு சின்னத் தவறு தெரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பாண்டியனும் நயீமும் ஆடிய ஓர் ஆட்டத்தை இரண்டு தடவை பதிந்திருக்கிறேன். ஒன்றை நீக்கிவிட்டேன். ஷபீ பாய் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளிலும் கையால் திருத்த வேண்டும். பாண்டியனுக்குக் கழிக்க வேண்டியது 7. நயீமுக்குச் சேர்க்க வேண்டியது 8.

எழுதி முடித்துவிட்டு சோபனா பேனாவை மூடப் போனாள். மூடவில்லை. எழுதிய கடைசி இரண்டு எண்களையும் மறுபடி பார்த்தாள். ஜெயித்தவனுக்கு ஏழு கூடியிருந்தால் தோற்றவனுக்கும் ஏழுதானே குறைந்திருக்க வேண்டும்? அந்த ஒன்று எங்கே போனது?

அவள் உட்கார்ந்திருந்தது ஆம்பூர் பஜாரில் ஒரு மாடியில் நடக்கும் மாலை நேரக் கணினி வகுப்பின் கடைசி வரிசை. பகலில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்த்துத் தோல் பிரிக்கும் மேசை, சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை இந்த வகுப்பு, ஞாயிறு மத்தியானம் ஷபீ அஹமதின் கேம் கடை. இருபத்து மூன்று வயது வாழ்க்கையில் அவள் தானாகத் தேடிப் போன இடங்கள் கடைசி இரண்டும்தான்.

ஷபீ பாயின் கடையில் இருபத்தாறு பேர் ஒரே சண்டை விளையாட்டைத்தான் ஆடுவார்கள். திரையில் இரண்டு பேர் நேருக்கு நேர் நிற்பார்கள், கையும் காலும் பறக்கும், ஒருவர் விழுவார். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் நன்றாக ஆடத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவே இருக்கும் தூரம் சாதாரணமானது அல்ல. முன்பெல்லாம் புதிதாக வருகிறவர்களை ஜோலார்பேட்டை கோதண்டராமன் முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அவர் ரயில்வேயில் வேலை செய்கிறவர், பொறுமைசாலி, ஆனால் திரையில் இரக்கமே கிடையாது. இருபது நொடியில் எதிராளி விழுந்துவிடுவான். எதனால் விழுந்தோம் என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவன் வரமாட்டான்.

அதைப் பார்த்துத்தான் சோபனா போன வருஷம் ஜனவரியில் வகுப்புக் கணினியில் ஒரு தரவரிசை போட்டாள். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஆயிரம் புள்ளி. பெரிய ஆளை ஜெயித்தால் ஜாஸ்தி கிடைக்கும், சின்ன ஆளை ஜெயித்தால் கம்மி. ஜெயித்தவர் எவ்வளவு வாங்குகிறாரோ தோற்றவர் அவ்வளவு கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜோடிகளை அந்த வரிசையை வைத்தே சேர்த்தாள், அருகருகே இருப்பவர்கள்தான் மோதுவார்கள். அதற்குப் பிறகு புதிதாக வந்தவர்கள் ஓடவில்லை. "கம்பெனில தோல் பிரிக்கிற பொண்ணு, ஆளையும் பிரிச்சிட்சி பாரு" என்றார் ஷபீ பாய். பாண்டியன் அவளை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான்.

இப்போது அவள் அந்த ஆட்டத்தின் வரியைத் திறந்து பார்த்தாள். கணக்குப்படி கைமாற வேண்டியது ஏழு புள்ளி ஆறு, அதாவது 7.6. பின்னத்தை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அன்றைக்கு அவள்தான் முடிவு செய்தாள். பின்னம் வந்தால் கீழே இறக்கு என்று கட்டளை கொடுத்திருந்தாள். ஏழு புள்ளி ஆறு கீழே இறங்கினால் ஏழு. சரி. கழிக்கிற பக்கம்? கழித்தல் ஏழு புள்ளி ஆறுக்குக் கீழே இருப்பது கழித்தல் எட்டு.

சோபனா மற்ற ஆட்டங்களின் வரிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

அந்தக் கட்டளையை அவள் ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று யோசிக்கவே தேவையில்லை. தோல் மேசையில் முதல் நாள் சொல்லித் தந்தது அது. ஒரு தோல் ஏ தரமா பி தரமா என்று சந்தேகம் வந்தால் கீழே போடு. பி-யா சி-யா என்று இழுத்தால் சி. மேலே போட்டுத் தப்பாகிவிட்டால் வாங்குகிறவன் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவான், கீழே போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு நானூறு தோல். அவள் கை தானாகக் கீழ் அடுக்குக்குத்தான் போகும். தோலுக்கு அது சரி. ஒரு தோல் இன்னொரு தோலிடமிருந்து எதையும் வாங்குவதில்லை.

எல்லோருடைய புள்ளிகளையும் முதல் தடவையாகக் கூட்டினாள். இருபத்தாறாயிரம் வர வேண்டும். இருபத்து நாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வந்தது. இதுவரை நடந்த ஆட்டங்கள் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி வீதம் காற்றில் போயிருக்கிறது. அப்படியென்றால் அதிகம் ஆடியவர்களிடமிருந்து அதிகம் போயிருக்கும். வராமல் இருந்தவர்களிடம் அப்படியே இருந்திருக்கும்.

நயீம் நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் ஆடியிருந்தான். சோபனா ஐம்பத்தெட்டு.

அவள் கட்டளையைத் திருத்தினாள். இரண்டு நொடியில் பட்டியல் தானாகக் கலைந்து மறுபடி அடுக்கிக்கொண்டது. கோதண்டராமன் முதலாவது, அதில் மாற்றமில்லை. இரண்டாவதாக நயீம் அகமது. அஃப்ஷா மூன்று. நாட்றம்பள்ளி பரணிதரன் நான்கு. சோபனா ஐந்து.

சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் நான்காவது பெயர் சோபனா, ஐந்தாவது நயீம். இரண்டு பேருக்கும் ஒன்பது புள்ளி வித்தியாசம்.

அவள் செய்ததைத் திரும்ப எடுத்தாள். பழைய பட்டியல் வந்தது. மறுபடி திருத்தினாள். கீழே போனாள். மறுபடி பழையதுக்குப் போனாள். இப்படி ஆறேழு முறை செய்த பிறகு பக்கத்து இருக்கைப் பெண், "இன்னாக்கா, சிஸ்டம் ஹேங்கா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு அணைத்துவிட்டாள்.

பெங்களூரில் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி சனியும் மறுநாள் ஞாயிறும் இதே விளையாட்டில் போட்டி. ஊருக்கு நான்கு பேர் கொண்ட அணி. தரவரிசையில் முதல் நான்கு பேர் போவது என்று எல்லோரும் கைதூக்கி ஒப்புக்கொண்டது. பெயர்களைத் திங்கள் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

சோபனாவுக்கு அந்த நான்காவது இடம் வெறும் இடம் அல்ல. அவள் அம்மா கெங்கம்மாள் ஒரு மாதம் யோசித்து, "அஃப்ஷா வர்றாளா? அப்போ சரி, ரெண்டு பேரும் சேந்து போய்ட்டு வாங்க" என்று சொல்லியிருந்தாள். அஃப்ஷா வீட்டில் அவள் அம்மா சொன்னதும் அதே வார்த்தைதான், பெயர் மட்டும் மாறும். "சோபனா கூட இருந்தா பரவால்ல." இரண்டு வீட்டு அனுமதியும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றது. ஒன்றை எடுத்தால் மற்றது விழும்.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அவள் அஃப்ஷாவிடம் சொன்னாள். அஃப்ஷா அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. அண்ணன் துபாய்க்குப் போனபோது வீட்டில் விட்டுப்போன கேம் மெஷினில் ஆடக் கற்றுக்கொண்டவள், சோபனாவுக்குக் கற்றுக் கொடுத்தவளும் அவள்தான். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உனக்கு மட்டும்தான்."

"அப்போ நமக்குத் தெரியாது. சாப்டு."

"அஃப்ஷா..."

"ஏ, கேளு. நயீம் நெனைச்சா எந்த ஞாயித்துக்கெழமையும் வண்டிய எடுத்துட்டுப் பெங்களூர் போய்டுவான். அவங்க வாப்பா எங்கடா போறன்னுகூட கேக்கமாட்டாரு. நான் கேட்டா? உங்க அம்மா உன்னக் கேட்டா? இது ஒண்ணுதான்டி வந்துருக்கு. போய்ட்டு வந்து திருத்திக்கோ. ஜூலைல திருத்து. யாரு வேணாங்கறா?"

"அவன் ரெண்டாவது இடத்துல இருக்க வேண்டியவன்."

"நான் மட்டும் இன்னா, ஓசில வந்தனா? உன் கணக்குல எப்படிப் பாத்தாலும் நான் உள்ள இருக்கேன். நீ தப்பு பண்ணதுக்கு நான் வீட்ல உக்காரணுமா?"

சோபனா தன் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள். "நான் ஆடாம சும்மா கூட வர்றேன்" என்றாள்.

"போட்டி லெட்டர்ல பேர் இருந்தாதான் லீவுன்னு சூப்ரவைசர் சொன்னது மறந்துட்சா? ஷிப்மென்ட் மாசம். பேர் இல்லாம சனிக்கெழம நின்னா கார்ட வாங்கி வச்சிக்கினு வேலைய விட்டே அனுப்பிடுவாரு." அஃப்ஷா மூடியை அழுத்தி மூடினாள். "நீ எதையும் கண்டுபுடிக்கல. சரியா?"

சோபனா சரி என்று தலையை ஆட்டினாள். மேசைக்குத் திரும்பி மாலை வரை தோல் பிரித்தாள். அன்றைக்கு இரண்டு நல்ல தோல்களைக் கீழே போட்டுவிட்டதாக உதவியாளர் செண்பகம் எடுத்துக் காட்டினாள். "தூக்கி மேல வை, இதுல இன்னா இருக்கு?" என்றாள் செண்பகம். அதற்குப் பிறகு ஒவ்வொரு தோலையும் இரண்டு முறை திருப்பிப் பார்த்ததில் அடுக்கு தேங்கிப் போயிற்று.

அன்று மாலை நாட்குறிப்பில் தேதியை மட்டும் எழுதினாள். அவள் அதைத் தொடங்கிய இரண்டு வருஷத்தில் தேதிக்குக் கீழே ஒன்றும் இல்லாத பக்கம் அதுதான் முதல். தானாகத் தேடிப்போன இரண்டு இடங்களில் ஒன்றான கணினி வகுப்பு இன்னொன்றான கேம் கடைக்குக் கதவைப் பூட்டிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அதை எழுதலாமா என்று பார்த்தாள். சினிமா வசனம் மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

ஞாயிறு மத்தியானம் கடையில் கூட்டம். வெளியே வெயிலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஷபீ பாய் கல்லாவுக்குப் பின்னால் மின்விசிறியைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஃப்ஷா மூலை மெஷினில் பரணிதரனோடு ஆடிக்கொண்டிருந்தாள். சோபனா சுவர்த் தாளில் அந்த இரட்டைப் பதிவைத் திருத்தினாள். பாண்டியனுக்கு ஏழு குறைத்தாள். நயீமுக்கு எட்டு சேர்த்தாள். வித்தியாசம் ஒன்றாகக் குறைந்தது. அப்போதும் நான்காவது அவள்தான்.

"மேடம், எனக்கு ஏழு போச்சா? ஏன்?" என்றான் பாண்டியன். "ஜெயிச்சதுக்கு அபராதமா?"

"ரெண்டு தடவ எழுதிட்டேன். தப்பு."

"நீங்ககூட தப்பு பண்ணுவீங்களா? ஏ, கேட்டுக்கங்கடா, மேடம் தப்பு பண்ணிட்டாங்களாம்!"

சிரிப்பு எழுந்தது. அப்போதுதான் நயீம் உள்ளே வந்தான். தோல் பதனிடும் ஷாப்பில், தோலைச் சீவி மெல்லிசாக்கும் ஷேவிங் மெஷினில் நிற்கிறவன், இருபத்தைந்து வயது, கடையில் எல்லோரைவிடவும் முதலில் வந்து கடைசியில் போகிறவன். கையில் ஓர் அட்டைப்பெட்டி வைத்திருந்தான். அதைப் பாண்டியனின் மடியில் வைத்தான்.

"இன்னாது?"

"என்னோட ஸ்டிக். எடுத்துக்கோ."

பாண்டியன் பெட்டியைத் திறந்து பார்த்தான். கைப்பிடியும் எட்டுப் பொத்தான்களும் உள்ள அந்தப் பலகையை நயீம் யாரையும் தொடக்கூட விட்டதில்லை. "டேய், வெளையாடாத. காசு கீசு ஒண்ணும் இல்ல என்கிட்ட."

"காசு யாரு கேட்டா? வீட்ல இருந்தா பேஜாரு. பாக்கும்போதெல்லாம் எடுக்கத் தோணும்." நயீம் வலது கையை விரித்து மடக்கிக் காட்டினான். "கை போய்ட்சிடா. மெஷின்ல நின்னு நின்னு வெரல் மரத்துப் போச்சி. ஒன்றர வருஷமா தெனம் வர்றேன், ஜெயிக்கிற மாதிரிதான் இருக்குது, சுவத்துல பாத்தா எறங்கிக்கினே இருக்கேன். போன வருஷம் ரெண்டாவது. தீவாளிக்கு மூணாவது. இப்போ பாரு. டாக்டருகிட்டகூடக் காட்டிட்டேன், ஒண்ணும் இல்லன்றாரு. ஒண்ணும் இல்லன்னா ஏன் எறங்குது?"

"நீ ஆடறத கம்மி பண்ணி இருந்தா மேல இருந்துருப்ப" என்று பாண்டியன் கேலியாகத்தான் சொன்னான்.

யாரோ சிரித்தார்கள். சோபனா சிரிக்கவில்லை. மூன்று நாளாக அவள் தன் தவறை அணியில் ஓர் இடமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், யார் போவது, யார் போகக்கூடாது என்று. இவன் அந்தத் தாளை நம்பித் தன் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறான். அவள் எழுதிய எண்ணை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருக்கிறான்.

மூலையிலிருந்து அஃப்ஷா திரும்பி அவளைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். சோபனா அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

"உன் கை நல்லாத்தான் இருக்கு நயீம்" என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "கணக்குதான் தப்பு. நான் போட்ட கணக்கு."

மெஷின்கள் ஒவ்வொன்றாக அமைதியாயின. அவள் சுவருக்குப் பக்கத்தில் நின்று, சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னாள். ஏழு புள்ளி ஆறு, கூட்டும்போது ஏழு, கழிக்கும்போது எட்டு. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி யாருக்கும் போகாமல் காணாமல் போனது. அதிகம் ஆடினவர்களுக்கு அதிகம் போனது. திருத்தினால் நயீம் இரண்டாவது. அவள் ஐந்தாவது.

"அப்போ நாங்கல்லாம் ஒன்றர வருஷமா ஓட்டை பக்கெட்டுல தண்ணி புடிச்சிக்கினு இருந்தமா?" என்றான் பாண்டியன்.

"ஆமா."

"மெஷின் தப்பா இருக்கும்மா" என்றார் ஷபீ பாய். அவளுக்கு ஒரு வழி விடலாம் என்று நினைத்தார் போலும்.

"இல்ல பாய். மெஷின் நான் சொன்னத செஞ்சிது."

நயீம் சுவர்த் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். "எப்போ கண்டுபுடிச்ச?"

"வியாழக்கெழம."

"மூணு நாளா தெரியுமா?"

"தெரியும்."

"இப்போ பெட்டிய எடுத்துனு வரலன்னா?"

அவள் பதில் சொல்லவில்லை. அதுவே பதில் என்று எல்லோருக்கும் தெரிந்தது. நயீம் பாண்டியனின் மடியிலிருந்து பெட்டியை எடுத்தான். "குடு இங்க" என்றான். காலியாக இருந்த மெஷினில் உட்கார்ந்து, ஸ்டிக்கை இணைத்து, யாரும் எதிரே இல்லாமல் தனியாக ஆட ஆரம்பித்தான்.

அஃப்ஷா எழுந்து வந்தாள். சோபனாவின் அருகில் வந்ததும் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள். "நீ நல்லவளாய்ட்ட. சந்தோஷம். எங்க அம்மாகிட்ட இன்னா சொல்லணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

சோபனா வாயைத் திறப்பதற்குள் அவள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஷபீ பாய் நோட்டைத் திறந்தார். "நாளைக்கு சாயந்திரம் அனுப்பணும். யார் யார் பேரு எழுதட்டும்?"

"திருத்துன வரிசப்படி எழுதுங்க பாய். கோதண்டராமன், நயீம், அஃப்ஷா, பரணிதரன்."

"அஃப்ஷா எங்க வரப் போவுது? நீ இல்லாம அவங்க வீட்ல விடமாட்டாங்க."

"வரலன்னு அவ சொல்லட்டும். அது வரைக்கும் அவ பேரு மூணாவது."

பாண்டியன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். "இருங்க. அஃப்ஷா வரலன்னா அஞ்சாவது மேடம்தான உள்ள வரணும்? மேடம் வந்தா அஃப்ஷா வீட்ல அனுப்புவாங்க. அஃப்ஷா வந்தா மேடம் வெளிய. மேடம் வெளிய போனா அஃப்ஷா வரமாட்டா." அவன் தலையைச் சொறிந்தான். "இன்னா ரவுண்டானா இது? எந்தப் பக்கம் திரும்புனாலும் பஸ் ஸ்டாண்டுலயே வந்து நிக்குது."

"ரெண்டு பேரும் வரலன்னா?" என்றார் பாய்.

"ஆறாவது நான்!" என்று சொன்ன பாண்டியன், சொன்ன மாத்திரத்தில் முகம் மாறிப்போனான். "ச்சீ. இப்படியாடா சீட்டு கெடைக்கும்?"

சோபனா வீட்டுக்கு வந்தபோது கெங்கம்மாள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பேச்சை வளர்க்காமல் கேட்டாள். "ம்மா, அஃப்ஷா வரலன்னா நான் மட்டும் போகலாமா?"

"நீ மட்டுமா? அத்தினி ஆம்பளப் பசங்களோட? நல்லாத்தான் இருக்கு." கெங்கம்மாள் ஒரு புடவையின் ஓரத்தை அவளிடம் நீட்டினாள். "புடி, மடிக்கலாம். ஏன், அவ வரலியாமா?"

"தெரியல."

இரண்டு பேரும் புடவையை நீளவாக்கில் பிடித்து உதறி மடித்தார்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டியிருந்தது. அம்மா ஏதாவது கேட்பாள் என்று சோபனா எதிர்பார்த்தாள். அம்மா அடுத்த துணியை எடுத்தாள்.

ஏழு மணிக்கு நாட்குறிப்பை எடுத்தாள். சனிக்கிழமையின் வெற்றுப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பக்கத்தில் எழுதினாள்.

15.06.2025, ஞாயிறு. கணக்கில் இருந்த தவறைக் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நயீம் கேட்ட கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவன் பெட்டியோடு வராமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அஃப்ஷா சொன்னதில் எந்த வரி தப்பு என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. நான் செய்ததிலும் தப்பில்லை என்று சிலசமயம் தோன்றுகிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று தெரியவில்லை.

நாளை: ஷிஃப்டுக்கு முன்னால் ஏழரை மணிக்கு அஃப்ஷா வீட்டுக்குப் போக வேண்டும். அவள் கதவைத் திறக்காவிட்டாலும் அவள் அம்மாவைப் பார்த்து, நான் இல்லாமல் அவளை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.